'கெட்' என்னும் ஆங்கில வினைச்சொல்: பொருளும் பிறப்பும் பயன்பாடும்

ஆங்கிலம் கற்கத் தொடங்குபவர் முதல் மாதத்திலேயே சந்திக்கும் சொற்களுள் 'கெட்' ஒன்று. பல ஆண்டுகள் கற்ற பின்னரும் தயங்கித் தயங்கிக் கையாளும் சொற்களுள்ளும் அது ஒன்று. 'ஐ காட் எ லெட்டர்' என்றால் எனக்கு ஒரு கடிதம் வந்தது. 'ஐ காட் ஆங்ரி' என்றால் எனக்குக் கோபம் வந்தது. 'ஐ காட் ஹோம் அட் சிக்ஸ்' என்றால் ஆறு மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன். 'ஐ காட் இட்' என்றால் எனக்குப் புரிந்துவிட்டது. அகராதியைத் திறந்தால் இதன் பொருள்கள் பத்தி பத்தியாக நீள்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய முயலும் மாணவர் பாதி வழியிலேயே சோர்ந்துவிடுகிறார். அந்தப் பொருள்கள் தனித்தனியே நினைவில் வைக்க வேண்டியவை அல்ல என்பதும், அவற்றுக்குள் ஓடும் ஒரே இழையைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலானவை தாமாகவே விளங்கிவிடும் என்பதும், தமிழ் அறிந்தவருக்கு அந்த இழை புதியதே அன்று என்பதும் என் உறுதியான எண்ணம்.

முதலில் ஒலிப்பைப் பற்றி ஒரு சொல். தமிழ் எழுத்தில் 'கெட்' என்றே எழுத முடிகிறது என்றாலும், இதன் முதல் ஒலி 'கடல்' என்பதில் வரும் வல்லோசை அன்று; 'தங்கம்' என்று சொல்லும்போது நடுவில் கேட்கும் மெல்லிய ககர ஒலியே இதற்குரியது. இறந்த காலத்தில் இது 'காட்' ஆகிறது. 'ஹாவ்' என்னும் துணைவினையோடு சேரும் வடிவம் பிரிட்டனில் 'காட்' என்றும், அமெரிக்காவில் பெரும்பாலும் 'காட்டன்' என்றும் வழங்குகிறது. இந்த வேறுபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைப் பின்னர் பார்ப்போம்.

நிலையும் அந்நிலையை அடைதலும்

'கெட்' என்பதைப் புரிந்துகொள்ள, அதை 'ஹாவ்', 'பி' ஆகிய இரு வினைகளின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 'ஹாவ்' உடைமையைச் சொல்கிறது; 'பி' இருப்பைச் சொல்கிறது. இரண்டும் அசையாத நிலைகள். அந்த நிலைக்குள் ஒருவர் நுழையும் கணத்தைச் சொல்வதே 'கெட்' என்பதன் வேலை. 'ஐ ஹாவ் எ லெட்டர்' என்றால் என்னிடம் ஒரு கடிதம் இருக்கிறது. 'ஐ காட் எ லெட்டர்' என்றால் அது என்னிடம் வந்தது. 'ஷி இஸ் டயர்ட்' என்றால் அவள் களைப்பாக இருக்கிறாள். 'ஷி காட் டயர்ட்' என்றால் களைத்துப்போனாள். 'தே ஆர் அட் ஹோம்' என்றால் அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்; 'தே காட் ஹோம்' என்றால் வீடு சேர்ந்தார்கள். பொருள் கைக்கு வருவதும், உடலுக்கு அல்லது மனத்துக்கு ஒரு தன்மை வருவதும், ஆள் ஓரிடத்துக்கு வருவதும் ஆங்கிலச் செவிக்கு ஒரே வகை நிகழ்ச்சிகளாகவே படுகின்றன.

நமக்கும் அப்படித்தான் படுகின்றன. தொடக்கத்தில் தந்த நான்கு வாக்கியங்களுள் மூன்றின் தமிழை மீண்டும் பாருங்கள்: கடிதம் வந்தது, கோபம் வந்தது, வீடு வந்து சேர்ந்தேன். மூன்றிலும் 'வா' என்னும் ஒரே வினை நிற்கிறது. வேறுபாடு எழுவாயில்தான் இருக்கிறது. கடிதத்தையும் கோபத்தையும் தமிழ் எழுவாயாக்கி, மனிதரை 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் நிறுத்துகிறது. ஆங்கிலம் மனிதரை எழுவாயாக்கி, வந்ததைச் செயப்படுபொருளாகவோ அடைந்த தன்மையாகவோ பின்னால் வைக்கிறது. ஆகவே 'எனக்கு வந்தது', 'எனக்குக் கிடைத்தது' என்று தமிழில் தோன்றும் இடங்களில் ஆங்கிலத்தில் 'ஐ காட்' என்று தொடங்கலாம் என்பதை முதல் வழிகாட்டியாகக் கொள்ளலாம்.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கிடைத்தது' என்பதற்கும் 'வாங்கினேன்' என்பதற்கும் தமிழில் தெளிவான வேறுபாடு உண்டு. முன்னது நம் முயற்சியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பின்னது நாம் செய்த செயல். 'ஐ காட் எ புக்' என்னும் ஆங்கில வாக்கியம் அந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. புத்தகம் பரிசாகக் கிடைத்ததா, கடையில் வாங்கியதா, நூலகத்திலிருந்து எடுத்து வந்ததா என்பதைச் சூழலே சொல்ல வேண்டும். செயலின் தன்மையைத் துல்லியமாகச் சொல்ல விரும்பினால் 'பை', 'ரிசீவ்', 'பாரோ' போன்ற வேறு வினைகள் இருக்கின்றன. கைக்கு வந்து சேர்ந்தது என்ற முடிவு மட்டும் போதும் என்றால் 'கெட்' போதும்.

கடல் கடந்து வந்த சொல்

இத்தனை அடிப்படையான இந்தச் சொல் ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அன்று என்பது வியப்பாகத் தோன்றலாம். 793ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை ஒட்டியுள்ள லிண்டிஸ்ஃபார்ன் தீவின் மடாலயத்தை, ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் தாக்கினர். 865இல் அவர்களது பெரும்படை கரையிறங்கியது. அடுத்த ஆண்டில் யார்க் நகரம் வீழ்ந்தது. கொள்ளையிட வந்தவர்களில் பலர் பின்னர் நிலம் உழுது குடியமர்ந்தனர்; வடக்கிலும் கிழக்கிலும் அவர்களது சட்டம் செல்லுபடியான பகுதி டேன்லா என்று அழைக்கப்பட்டது. டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி போன்ற ஊர்ப்பெயர்களின் இறுதியில் வரும் 'பி' என்பது அவர்கள் மொழியில் ஊரைக் குறிக்கும் சொல்.

அவர்கள் பேசியது பழைய நோர்ஸ் மொழி. அது அன்றைய ஆங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவுடையது. பக்கத்துப் பக்கத்து வயல்களில் உழுதவர்கள், ஒரே சந்தையில் மாடு விற்றவர்கள், தங்களுக்குள் மணம் செய்துகொண்டவர்கள் என்று இரு மக்களும் தலைமுறை தலைமுறையாகக் கலந்து வாழ்ந்ததால், அரண்மனைச் சொற்களை விட அடுப்படிச் சொற்களே அதிகமாக ஆங்கிலத்துக்குள் புகுந்தன. முட்டையைக் குறிக்கும் 'எக்', வானத்தைக் குறிக்கும் 'ஸ்கை', தோலைக் குறிக்கும் 'ஸ்கின்', கணவரைக் குறிக்கும் 'ஹஸ்பண்ட்', எடுத்தலைக் குறிக்கும் 'டேக்' ஆகியவை அவ்வாறு வந்தவை. 'அவர்கள்' என்னும் பொருளுடைய 'தே' கூட நோர்ஸ் மொழியின் கொடை. ஒரு மொழி தன் அண்டை மொழியிலிருந்து சுட்டுப்பெயரையே வாங்கிக்கொள்வது அரிது. அந்தக் கலப்பின் ஆழத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

'கெட்' அந்த வரிசையில் வந்த சொல். நோர்ஸ் மொழியில் 'கெட்டா' என்றால் அடைதல், பெறுதல். சுமார் 1200ஆம் ஆண்டளவில் இது ஆங்கில எழுத்தில் தென்படத் தொடங்குகிறது. அதற்கு முன்பும் பழைய ஆங்கிலத்தில் இதன் உடன்பிறந்த வடிவம் இருந்தது. ஆனால் அது தனித்து வழங்காமல், முன்னொட்டுகளோடு மட்டுமே காணப்பட்டது. அதன் தொடக்க ஒலி ககரமாக இல்லாமல் யகரமாக இருந்தது. அடைதலைக் குறித்த 'பெயெட்டன்', உணர்தலைக் குறித்த 'ஒன்யெட்டன்', மறத்தலைக் குறித்த 'ஃபொர்யெட்டன்' ஆகியவை அத்தகையவை. மூன்றாவது சொல்லே இன்று 'ஃபர்கெட்' என்று வழங்குகிறது. யகரம் ககரமாக மாறியது நோர்ஸ் செல்வாக்கால். கையில் இருந்த பிடி நழுவுவதே மறத்தல் என்று அக்காலத்தவர் கருதியிருப்பதை இச்சொல்லின் அமைப்பு காட்டுகிறது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், இச்சொல்லின் வேர் இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் பொது மூதாதை மொழியில் 'பற்றுதல்' என்னும் பொருளுடையதாக மீட்டமைக்கப்பட்டிருக்கிறது. அதே வேரிலிருந்து இலத்தீனில் 'ப்ரெஹெண்டெரே' என்னும் வினை பிறந்தது. அதன் பொருளும் பற்றுதலே. 'ஹெண்ட்' என்னும் இலத்தீன் பகுதிக்கும் 'கெட்' என்பதற்கும் உள்ள தொலைவு பெரிதல்ல. இலத்தீனில் ஹகரமாகத் தொடங்கும் சில சொற்கள் ஆங்கிலத்தில் ககரமாகத் தொடங்குகின்றன. இலத்தீனில் 'ஹோஸ்டிஸ்', ஆங்கிலத்தில் 'கெஸ்ட்'. இலத்தீனில் 'வண்டி' என்பதில் போல மெலிந்து ஒலிக்கும் டகரம் ஆங்கிலத்தில் 'பட்டு' என்பதில் போல வல்லோசையாகிறது. இலத்தீனில் பத்தைக் குறிக்கும் 'டெகெம்', ஆங்கிலத்தில் 'டென்'. இந்த இலத்தீன் வினையின் வழியாகவே புரிந்துகொள்ளுதலைக் குறிக்கும் 'காம்ப்ரிஹெண்ட்', சிறையைக் குறிக்கும் 'ப்ரிஸன்', எதிர்பாராமல் வந்து ஆட்கொள்வதைக் குறிக்கும் 'சர்ப்ரைஸ்' ஆகிய சொற்களும் ஆங்கிலத்துக்கு வந்தன. ஆகவே 'ஐ கெட் இட்' என்று எளிய பேச்சில் சொல்பவரும், 'ஐ காம்ப்ரிஹெண்ட்' என்று கற்றறிந்த நடையில் சொல்பவரும், தாம் அறியாமலேயே ஒரே பழைய வேரின் இரு கிளைகளைப் பற்றிக்கொண்டு நிற்கிறார்கள். தமிழரும் விளங்காத ஒன்றைப் பற்றி 'இன்னும் பிடிபடவில்லை' என்று சொல்கிறோம். கை பற்றுவதையும் மனம் பற்றுவதையும் ஒன்றாகக் காணும் வழக்கம் மொழிக் குடும்பங்களின் எல்லைக்குள் அடங்குவதில்லை.

பெறுதலும் பெற்றெடுத்தலும்

பிள்ளை பெறுதலைக் குறிக்கும் 'பிகெட்' என்னும் சொல்லும் இவ்வினையின் வழிவந்ததே. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான், ஈசாக்கு யாக்கோபைப் பெற்றான் என்று நீளும் வம்ச வரிசையில் 'பிகாட்' என்னும் சொல்லே திரும்பத் திரும்ப வருகிறது. ஆதியாகமத்தில் காயீனைப் பெற்றெடுத்த ஏவாள், 'ஐ ஹாவ் காட்டன் எ மேன்' என்கிறாள். தமிழ் வேதாகமத்தில் அது 'ஒரு மனுஷனைப் பெற்றேன்' என்று அமைந்திருக்கிறது. இந்த மொழிபெயர்ப்பு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் தமிழின் 'பெறு' என்பதும் இதே இரு பொருள்களையும் தன்னுள் கொண்டது. பரிசைப் பெறுகிறோம்; பிள்ளையையும் பெறுகிறோம். பெற்றோர், பெற்றவள், பேறுகாலம் என்னும் சொற்கள் அனைத்தும் அடைதலைக் குறிக்கும் அந்த ஒரே வினையிலிருந்து வந்தவை.

ஏவாள் சொல்லும் 'காட்டன்' என்னும் வடிவத்தைக் கவனியுங்கள். இன்று அதை அமெரிக்கக் கொச்சை என்று கருதுவோர் உண்டு. அந்தக் கருத்து தவறானது. 17ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து குடியேறிய ஆங்கிலேயர்கள் அதை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றனர். அங்கே அது நிலைத்தது, தாயகத்தில் தேய்ந்து மறைந்தது. 'ஃபர்காட்டன்' போன்ற சில சொற்களில் மட்டும் பிரிட்டனிலும் அதே இறுதி இன்றுவரை பிழைத்திருக்கிறது. அமெரிக்க வழக்கில் இரு வடிவங்களும் வெவ்வேறு வேலை செய்கின்றன: 'ஐ'வ் காட் எ கார்' என்றால் என்னிடம் கார் இருக்கிறது, 'ஐ'வ் காட்டன் எ கார்' என்றால் கார் வாங்கியிருக்கிறேன்.

'ஐ'வ் காட்' என்பது எப்படி 'என்னிடம் இருக்கிறது' என்னும் பொருளுக்கு வந்தது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஒன்றைப் பெற்றிருக்கிறேன் என்றால் அது இப்போது என் கையில் இருக்கிறது என்றே பொருள். நாளடைவில் பெற்றது பின்னுக்குப் போய், இருப்பது மட்டும் முன்னால் நின்றது. அடைதலைச் சொல்லும் வினை, தான் சென்று சேரும் நிலையையே சொல்லத் தொடங்கிவிட்ட அரிய இடம் இது.

பிழை நேரும் இடங்கள்

தமிழின் 'ஆகு' என்னும் வினைக்கு 'கெட்' பாதிதான் ஈடு. கோபமானார், இருட்டானது, தயாரானோம் என்று தன்மையைக் குறிக்கும் சொற்களோடு வரும்போது 'கெட் ஆங்ரி', 'கெட் டார்க்', 'கெட் ரெடி' என்று சொல்லலாம். ஆனால் 'மருத்துவர் ஆனார்' என்பதை 'ஹி காட் எ டாக்டர்' என்று சொன்னால், அவர் ஒரு மருத்துவரை அழைத்து வந்தார் என்று பொருளாகிவிடும். பெயர்ச்சொல்லோடு 'பிகம்' என்பதையே பயன்படுத்த வேண்டும்.

திருமணத்தைப் பற்றிப் பேசும்போது நேரும் பிழையும் இத்தகையதே. 'அவளுக்குத் திருமணமாகிவிட்டது' என்னும் தமிழ் வாக்கியம் நிகழ்ச்சியையும் அதன் பின்னான நிலையையும் சேர்த்தே சொல்கிறது. ஆங்கிலம் அவற்றைப் பிரிக்கிறது. நிகழ்ச்சியைச் சொல்ல 'ஷி காட் மேரீட் இன் 2015' என்றும், நிலையைச் சொல்ல 'ஷி இஸ் மேரீட்' என்றும் கூற வேண்டும். யாரை மணந்தார் என்று சொல்லும்போது 'வித்' வராது, 'டு' வரும்.

வேலைக்குச் செல்வதைப் பற்றிப் பேசும்போது 'கோ டு' என்பதும் 'கெட் டு' என்பதும் ஒன்றல்ல. முன்னது புறப்பட்டுச் செல்வது, பின்னது போய்ச் சேர்வது. 'வாட் டைம் டு யூ கெட் டு வர்க்' என்று கேட்பவருக்கு வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தைச் சொல்லக் கூடாது. வீட்டைக் குறிக்கும் 'ஹோம்', இங்கே என்பதைக் குறிக்கும் 'ஹியர்' ஆகியவற்றுக்கு முன் 'டு' வராது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பேருந்திலிருந்து இறங்குவதை 'கெட் டவுன்' என்று சொல்வது இந்திய ஆங்கிலத்தில் பரவலான வழக்கம். 'இறங்கு' என்னும் சொல்லிலேயே கீழ்நோக்கிய அசைவு இருப்பதால் நமக்கு அது மிக இயல்பாக வருகிறது. இந்தியாவுக்குள் யாருக்கும் அது விளங்காமல் போவதில்லை. ஆயினும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பேருந்துக்கும் ரயிலுக்கும் 'கெட் ஆஃப்' என்றும், காருக்கு 'கெட் அவுட்' என்றும் சொல்வார்கள். ஏறும்போது முன்னதற்கு 'கெட் ஆன்', பின்னதற்கு 'கெட் இன்'. உள்ளே எழுந்து நடக்க இடமுள்ள வண்டி என்றால் 'ஆன்', 'ஆஃப்'. குனிந்து உள்ளே நுழைந்து அமர மட்டுமே முடியும் என்றால் 'இன்', 'அவுட்' என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பொருந்தும். இவ்வாறு 'கெட்' என்பதன் பின்னால் வரும் சிறு சொல், போய்ச் சேரும் இடத்தையோ திசையையோ காட்டுகிறது. 'கெட் அப்' என்றால் எழுந்த நிலைக்கு வருதல். 'கெட் ஓவர்' என்றால் நோயையோ துயரத்தையோ கடந்து அப்பால் வருதல்.

பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறரால் செய்யப்படுதல்

'ஐ காட் மை ஹேர் கட்' என்பதை 'முடி வெட்டிக்கொண்டேன்' என்கிறோம். கத்தரி பிடித்தவர் வேறொருவர் என்றாலும், பயன் எனக்கு வந்து சேர்ந்தது என்பதைத் தமிழில் 'கொள்' என்னும் துணைவினையும், ஆங்கிலத்தில் 'கெட்' என்பதும் காட்டுகின்றன. ஒருவரைச் சொல்லி, கேட்டு, சம்மதிக்க வைத்து ஒன்றைச் செய்வித்தால் 'ஐ காட் ஹிம் டு கம்' என்று அமையும். இங்கே 'டு' விடுபடக் கூடாது. 'மேக்' என்பதை இவ்விடத்தில் பயன்படுத்தினால் 'டு' தேவையில்லை, ஆனால் கட்டாயப்படுத்தியதாகப் பொருள்படும்.

செயப்பாட்டு வினையில் வரும் 'கெட்' என்பதே தமிழருக்கு மிக எளிதாக விளங்க வேண்டியது; எனினும் பாடநூல்கள் இதைப் போதிய அளவு விளக்குவதில்லை என்பது என் வருத்தம். 'ஹி வாஸ் பீட்டன்' என்றால் அவன் அடிக்கப்பட்டான். 'ஹி காட் பீட்டன்' என்றால் அவன் அடி வாங்கினான். தமிழின் இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் உள்ள வேறுபாட்டை எந்தத் தமிழரும் உடனே உணர்வார். முன்னது எழுத்துநடை, விலகி நின்று சொல்வது. பின்னது பேச்சுநடை, பாதிக்கப்பட்டவரின் பக்கத்தில் நின்று சொல்வது. அடி வாங்கினான், திட்டு வாங்கினான் என்பவற்றில் 'வாங்கு' செய்யும் வேலையையே ஆங்கிலத்தில் 'கெட்' செய்கிறது. தமிழின் உயர்நடையிலும் இதற்கு இணை உண்டு. 'விழா தொடங்கப்பெற்றது', 'அவர் அழைக்கப்பெற்றார்' என்று எழுதும்போது, துன்பத்தை நினைவூட்டும் 'படு' என்பதைத் தவிர்த்துப் 'பெறு' என்பதைச் செயப்பாட்டுத் துணைவினையாக ஆக்குகிறோம். அடைதலைக் குறிக்கும் வினை, தனக்கு நேர்ந்ததைச் சொல்லும் வினையாக மாறும் போக்கை, ஒன்றுக்கொன்று உறவில்லாத இவ்விரு மொழிகளிலும் காண முடிகிறது.

வாய்ப்பைக் குறிக்கும் 'ஐ காட் டு சீ தெம்' என்னும் அமைப்பையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 'அவர்களைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது' என்று நீட்டிச் சொல்வோம். ஈழத்தமிழில் 'அவர்களைப் பார்க்கக் கிடைத்தது' என்பார்கள். பின்னது ஆங்கில அமைப்புக்கு ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

எங்கே எழுதலாம், எங்கே தவிர்க்கலாம்

பள்ளிகளில் 'கெட்' என்பதை எழுத்தில் தவிர்க்கச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அதற்குக் காரணம் இச்சொல்லில் உள்ள குறை அன்று. 1066இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், பிரெஞ்சு அரசவையின் மொழியாயிற்று. 'ரிசீவ்', 'அப்டெய்ன்' போன்ற சொற்கள் அவ்வழியாகப் பின்னர் வந்து சட்டத்திலும் ஆவணத்திலும் அமர்ந்தன. உழவர் வீட்டிலிருந்து வந்த 'கெட்' பேச்சிலேயே தங்கிவிட்டது. ஆகவே நண்பருக்கு எழுதும்போது 'ஐ காட் யுவர் லெட்டர்' என்பதே இயல்பு. அங்கே 'ரிசீவ்ட்' என்று எழுதினால் சற்று விறைப்பாக இருக்கும். அலுவலகத்துக்கு எழுதும்போது 'ரிசீவ்ட்' என்பதே பொருத்தம். 'உன் கடிதம் கிடைத்தது' என்பதற்கும் 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன்' என்பதற்கும் இடையில் நம் காதுக்குக் கேட்கும் தொலைவே, அவ்விரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் இடையில் உள்ள தொலைவு.